மறு: ஐலேண்டிங் – தீவாக்கமா, தனித்தியங்கலா?

> சோலார் சொற்களைத் தமிழ்ல எழுதுறப்போ ஐலேண்டிங்குக்கு (ஈபி லைன்லேர்ந்து பிரிஞ்சு வீட்டு சோலார் தானா ஓடுறது) 'தீவாக்கம்'னு போட்டுட்டேன், பரவாயில்லையா?

ஐயா, ஊரே இருட்டா கெடக்க நம்ம வீடு மட்டும் எரிஞ்சா தீவு மாதிரிதான் இருக்கும், ஒத்துக்கிறேன். ஆனா எங்க எலக்ட்ரீஷியன்கிட்ட சொல்லிப் பாத்தேன், "கடலோரமா போடப் போறீங்களா சார்"னார். ஆன்ட்டி-ஐலேண்டிங்குக்கு, அதாவது அப்படி ஓடாம தடுக்குறதுக்கு, 'தீவாக்க எதிர்ப்பு'ன்னா இன்னும் மோசம், மீனவர் போராட்டத் தட்டி மாதிரி இருக்கு.

எங்க மாடியில 6 பேனல், ஒவ்வொண்ணு அடியிலயும் ஒரு மைக்ரோஇன்வெர்ட்டர் (பேனலோட டிசி கரண்டை வீட்டுக்கான ஏசியா மாத்துற சின்னப் பெட்டி). உச்சி வெயில்ல ஈபி கரண்ட் போனா இதுவும் கூடவே படுத்துடும், ஏன்னா லைன் செத்துடுச்சுன்னு நம்பி லைன்மேன் கை வைக்கிறப்போ நம்ம மாடிலேர்ந்து கரண்ட் பின்னால போனா ஆளு காலி. அமெரிக்காவோட ஐஇஇஇ (மின் பொறியாளர் சங்கம்) 1547 தரத்துல 2 செகண்டுக்குள்ள நிறுத்தணும்னே இருக்கு.

பேட்டரி இன்வெர்ட்டர் சேத்தா கதை வேற. அது மொதல்ல ஈபிய கழட்டிவிட்டுட்டு தானே 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் உண்டாக்கும், மைக்ரோவும் ஈபிதான் வந்துடுச்சுன்னு நெனச்சு ஒரு 5 நிமிஷம் வேடிக்கை பாத்துட்டு ஓட ஆரம்பிக்கும். பேட்டரி ரொம்பிடுச்சுன்னா ஹெர்ட்ஸை 51, 52னு மெல்ல ஏத்தும், மைக்ரோ அதப் புரிஞ்சுக்கிட்டு அடங்கிடும். சொல்லாம சொல்ற பாஷை!

இது எனக்கு நாகஸ்வர செட்டுல ஒத்து ஊதுறத ஞாபகப்படுத்துச்சு. ஒத்துக்காரர் ஒரே சுருதிய பிடிச்சுக்கிட்டே இருப்பார், மத்தவங்க அதோட சேருவாங்க. அதனால சுருதியோட ஒத்து இயங்குற மைக்ரோ 'ஒத்தியங்கி', ஒத்துக்காரர் மாதிரி சுருதி பிடிக்கிற பேட்டரி இன்வெர்ட்டர் 'சுருதியாக்கி', ஐலேண்டிங் 'தனித்தியங்கல்'. எப்படி?

--

> ஐலேண்டிங் 'தனித்தியங்கல்'

தம்பி, ஒத்தியங்கி பிரமாதம். சுருதியாக்கி கச்சேரி வாசனை அடிக்குது, ஆனாலும் இருக்கட்டும். தனித்தியங்கல்லதான் இடிக்குது. ஈபி கம்பமே போகாத மலைக்கிராமத்துல சோலார் செட்டு இருக்கே, அதையும் தனிச்சு இயங்குதுன்னுதானே சொல்லுவோம்? அது எதுலேர்ந்தும் பிரிஞ்சு வரலியே. 'பிரிந்தியங்கல்'னு வெச்சுப் பாருங்க.

--

ஐயா, அதேதான். மொதல்ல பிரியணும், அப்புறம் இயங்கணும், அந்த வரிசையும் சொல்லுக்குள்ளயே வந்துடுது. தனித்தியங்கல் ஆஃப்கிரிட்டுக்கே (ஈபி லைனே இல்லாத செட்டுக்கு) இருக்கட்டும். ஆன்ட்டி-ஐலேண்டிங்குக்கு 'பிரிந்தியங்கல் தடுப்பு'ன்னு மாத்திட்டேன். எலக்ட்ரீஷியன்கிட்டயும் சொன்னேன், "அதான் சார், ஈபிய கழட்டிட்டு ஓடுறது"ன்னார்.