கலைச்சொல் வேண்டும்: தமிழ்ப் பக்கம் இல்லாதபோது வந்து நிற்கும் மொழி

மொழிபெயர்ப்பு ஒருங்கிணைப்பாளர்:

அனைவருக்கும் வணக்கம். இணையதளங்களை அமைக்கும் மென்பொருளான ட்ரூபலின் பன்மொழிப் பகுதியைத் தமிழாக்கும் வேலை வெள்ளிக்கிழமை இரவோடு முடிய வேண்டும். ஒரே ஒரு சொல்லில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன்: ஃபால்பேக் லாங்குவேஜ்.

தமிழுக்கான முன்னொட்டு (/ta போன்றது) உள்ள முகவரியில் வாசகர் ஒரு பக்கத்தைத் திறக்கிறார். அந்தக் கட்டுரைக்குத் தமிழாக்கம் இல்லை. பட்டியும் பொத்தான்களும் தமிழில் இருக்க, நடுவில் கட்டுரை மட்டும் ஆங்கிலத்தில் வருகிறது. அங்கே வந்து நிற்கும் ஆங்கிலத்துக்கு என்ன பெயர்?

"மாற்று மொழி" என்று எழுதி வைத்திருந்தேன். ஆனால் அதே திரையில் மொழி மாற்றி இருக்கிறது. தேடுபொறிகளுக்காகப் பக்கத்தின் தலைப்பகுதியில் போகும் மொழிவாரி இணைப்புகளையும் "மாற்று" என்றே பெயர்த்திருக்கிறோம். மூன்றும் ஒன்றாக வந்தால் தளத்தை அமைப்பவர் குழம்பிப்போவார். "முன்னிருப்பு மொழி" டிஃபால்ட்டுக்குப் போய்விட்டது.

ஓய்வுபெற்ற தமிழாசிரியர், தஞ்சாவூர்:

தம்பி, இதற்கு நம் இலக்கணத்திலேயே சொல் இருக்கிறது. ஓர் எழுத்து வரவேண்டிய இடத்தில் இன்னொன்று வந்து, பொருள் மாறாமல் நிற்பதற்குப் போலி என்று பெயர். நிலம் நிலன் ஆகும், பந்தல் பந்தர் ஆகும். உங்கள் திரையில் நடப்பதும் அதுதான். மொழி மாறுகிறது, பொருள் மாறவில்லை. ஆகவே "போலிமொழி".

போல் என்ற வினையடியில் பிறந்த நல்ல சொல் இது. கள்ளத்தனம் என்ற பொருள் பிற்காலத்தில் ஏறியது. முன்றில் என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். இல்முன் என்பதுதான் இடம் மாறி முன்றில் ஆனது. அதை இலக்கணப்போலி என்று வகுப்பில் சொன்னால் எந்த மாணவனும் கள்ளச்சொல் என்று நினைத்ததில்லை. இந்த இல் என்பது வீட்டையும் குறிக்கும், இல்லாமையையும் குறிக்கும். அது பற்றித் தனி மடலில் எழுதுகிறேன்.

போலி வேண்டாம் என்றால் ஆகுபெயரை வைத்து "ஆகுமொழி" எனலாம்.

நிரலர், கோவை:

ஐயா, வகுப்பில் புரியும். அமைப்புத் திரையில் "போலிமொழி: ஆங்கிலம்" என்று பார்க்கும் அலுவலர் யாரோ தளத்துக்குள் புகுந்துவிட்டார்கள் என்றுதான் நினைப்பார்.

ஆகுமொழியிலும் எனக்குத் தடை உண்டு. "ஊர் சிரித்தது" என்றால் ஊர் என்ற பெயர் ஊராரைக் குறிக்கிறது. இங்கே ஆங்கிலம் தமிழைக் குறிக்கவில்லை. தமிழ் இல்லாத இடத்தில் நிற்கிறது, அவ்வளவுதான்.

முன்னிருப்பு இருக்கிறதே, "பின்னிருப்பு" என்று வைத்தால் இணையாக அமையும். அப்புறம், முகவரியைத் தமிழிலேயே வைப்பவர்களுக்கு ஒரு சொல். "தமிழ்" என்பது யூனிகோடில் 5 குறியீடுகள், அவற்றைக் கணினியில் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் 15 பைட்டுகள். முகவரியை நகலெடுத்து மடலில் ஒட்டினால் பல நேரம் ஒவ்வொரு பைட்டும் மூன்று குறிகளாகி, அந்தச் சொல் 45 குறிகளாக நீண்டுவிடும். முன்னொட்டை இரண்டெழுத்து மொழிக்குறியாகவே விடுங்கள்.

மொழிபெயர்ப்பாளர், யாழ்ப்பாணம்:

வணக்கம். பின்னிருப்பு என்றால் பேருந்தின் பின் ஆசனம்தான் என் நினைவுக்கு வருகிறது.

எங்கள் பத்திரிகைகளில் "பதில் நீதவான்", "பதில் அமைச்சர்" என்று அன்றாடம் வரும். உரியவர் இல்லாதபோது அந்த இடத்தில் கடமை செய்பவர். "பதில் மொழி" என்றால் இங்கே ஒருவருக்கும் விளக்கம் தேவைப்படாது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எல்லோரும் ஆங்கிலத்தையே உதாரணம் காட்டுகிறீர்கள். இலங்கையில் மும்மொழித் தளங்கள் உண்டு. தமிழ்ப் பக்கம் இல்லையென்றால் சிங்களம் வருவதா, ஆங்கிலம் வருவதா என்பது வாசிப்பவருக்குச் சிறிய விடயம் அல்ல. ஆங்கிலத்தை எங்கள் அரசியலமைப்பே "இணைப்பு மொழி" என்கிறது, அதனால் அந்தச் சொல்லையும் இதற்கு எடுக்காதீர்கள். விக்கிப்பீடியாவை இயக்கும் மென்பொருளான மீடியாவிக்கியில் துளு இல்லையென்றால் கன்னடம் வரும், லக்சம்பர்கியம் இல்லையென்றால் ஜெர்மன் வரும். எந்த மொழி வரும் என்பதைத் தளத்தை அமைப்பவர் தெரிந்தே தேர்ந்தெடுக்க வேண்டும். சொல்லும் அதைக் காட்ட வேண்டும்.

தமிழாசிரியர், தஞ்சாவூர்:

அம்மா, பதில் நம் சொல் அன்று. அரபியின் பதல், உருது வழியே வந்தது. தமிழிலேயே போலியும் ஆகுவும் இருக்கும்போது ஏன் அங்கே போக வேண்டும்?

நிரலர், கோவை:

வந்து பல தலைமுறை ஆயிற்று, ஐயா. "அவருக்குப் பதிலாக இவர்" என்று சொல்லாத தமிழர் உண்டா? ஆனால் தமிழ்நாட்டில் "பதில் மொழி" என்றால் விடை சொல்லும் மொழி என்று படிப்பார்கள். உரியவர் இல்லாதபோது கடமை செய்யும் தலைமையாசிரியர் இங்கே "பொறுப்பு" தலைமையாசிரியர். "பொறுப்பு மொழி" என்று எழுதவும் முடியாது. ஓர் இகரம் சேர்த்து "பதிலி மொழி" என்றால் இரு கரையிலும் புரியும்.

ஒருங்கிணைப்பாளர்:

நேரமாகிவிட்டது. தனி மடல்களையும் சேர்த்து எண்ணினேன். பதிலிக்கு ஐந்து பேர், பின்னிருப்புக்கு இருவர், ஆகுமொழிக்கு ஐயா ஒருவர். "பதிலி மொழி" என்று ஏற்றிவிட்டேன். புலத்தின் கீழே உள்ள உதவி வரி: "தமிழாக்கம் இல்லாத பக்கத்தை எந்த மொழியில் காட்டலாம் என்பதை இங்கே தேர்ந்தெடுக்கவும்." யாழ்ப்பாணத்து அக்கா கேட்டது இதுதான் என்று நம்புகிறேன்.

மொழிபெயர்ப்பாளர், யாழ்ப்பாணம்:

இதுதான். நன்றி. இகரத்தோடு பழகிக்கொள்கிறோம்.

தமிழாசிரியர், தஞ்சாவூர்:

சரி, ஏற்றியது ஏற்றியதாக இருக்கட்டும். கலைச்சொல் பட்டியலின் குறிப்பில் ஆகுமொழியையும் போட்டு வையுங்கள். போலியை நான் இன்னும் விடவில்லை. கெட்ட பொருள் ஒட்டிக்கொண்டது என்று ஒரு நல்ல சொல்லை நாமே கைவிட்டால், அதற்குப் பழைய பொருளை யார் திருப்பிக் கொடுப்பார்கள்? முன்றில் பற்றிய மடல் நாளை வரும்.