ரெண்டு கலர் தொட்டி வச்சும் எல்லாம் ஒரே டிராக்டர்ல போகுது, என்ன பண்றது?

தூக்குச்சட்டி:
வணக்கம் மக்களே. சேலத்துல ஒரு காலேஜ் ஹாஸ்டல்ல இருக்கேன், பேர் வேணாம், எங்க டிபார்ட்மெண்ட் ஆளுங்களும் இங்க சுத்திட்டு இருப்பாங்க. கேம்பஸ்ல குப்பையைக் குறைக்கணும் பிரிக்கணும்னு இந்த வருஷம் என்எஸ்எஸ்ல எங்க தலையில கட்டிட்டாங்க. மக்கறதுக்குப் பச்சைத் தொட்டி, மக்காததுக்கு நீலத் தொட்டின்னு ஜோடி ஜோடியா வாங்கி வச்சு, போஸ்டர் ஒட்டி, உறுதிமொழி எடுத்து, போட்டோ புடிச்சு எல்லாம் ஆச்சு. இப்போ போய்ப் பாத்தா பச்சைக்குள்ள சிப்ஸ் கவரு, நீலத்துக்குள்ள சாம்பார் சாதம். அதைக்கூட விடுங்க, சாயங்காலம் டிராக்டர் வந்து ரெண்டையும் ஒரே ட்ரெய்லர்ல கவுத்துட்டுப் போகுது, அதைப் பாத்துட்டு பசங்க "இதுக்குத்தான் பிரிக்கச் சொன்னியா"ன்னு கேட்டா என்கிட்ட பதில் இல்ல. கேன்டீன் பேப்பர் கப் தனி மலை. கையில பெருசா காசு கிடையாது. எங்க இருந்து ஆரம்பிக்கறது?

செவ்வாப்பேட்டை தராசு:
தம்பி, நான் பழைய பேப்பர் இரும்பு யாவாரம். நீங்க தலைகீழா ஆரம்பிச்சிருக்கீங்க. தொட்டி வாங்கறதுக்கு முன்னாடி எந்தக் குப்பை யார்கிட்ட போகும்னு பாத்திருக்கணும். நம்மூர் சேகோ (ஜவ்வரிசி) ஃபேக்டரில கிழங்குல மாவு எடுத்த மிச்ச சக்கை, அந்தத் திப்பியைக்கூட யாரும் வீணா கொட்டறதில்ல, மாட்டுத் தீவனத்துக்கு வாங்க ஆள் இருக்கு, அதனால அது குப்பையே இல்ல. அதே மாதிரி வெள்ளை பேப்பர் ஒரு ரேட்டு, அட்டை ஒரு ரேட்டு, தண்ணி பாட்டில் ஒரு ரேட்டு, கழுவிக் காயவச்ச பால் கவர் எடுக்கவும் ஆள் உண்டு. ரெக்கார்ட் நோட்டுன்னா பிளாஸ்டிக் அட்டையையும் ஸ்பைரலையும் கழட்டிட்டுத்தான் தரணும். சிப்ஸ் பிஸ்கட் கவர் எங்க கடையில யாரும் தொட மாட்டோம், பிளாஸ்டிக்கும் அலுமினியமும் அடுக்கடுக்கா ஒட்டியிருக்கும், அதைப் பிரிக்க இங்க யாராலயும் ஆகாது. ஈரம் பட்ட அட்டையும் அப்படித்தான், சாம்பார் ஊறினா அது பேப்பர் கணக்குலயே வராது. அதனால உங்க மொத்தப் பிரச்சனையும் சோத்தைத் தனியா பிடிக்கறதுலதான் இருக்கு, அது தனியா போயிட்டா மிச்சம் எல்லாம் தானா வித்துரும்.

இன்னொன்னு. உங்க கேம்பஸ் கூட்டற அக்காங்க ஏற்கனவே பாட்டில் அட்டை எல்லாம் பொறுக்கிச் சாக்குல கட்டி எங்களை மாதிரி ஆளுங்ககிட்ட போட்டுட்டுத்தான் இருப்பாங்க, டீச்செலவு பஸ் செலவு அதுல ஓடும். நீங்க பாட்டுக்கு "என்எஸ்எஸ் ஃபண்டு"ன்னு பாட்டிலை எடுத்துட்டீங்கன்னா அவங்க வயித்துல அடிச்ச மாதிரி. முதல்ல அவங்ககிட்ட பேசுங்க, எங்க என்ன குப்பை விழுதுன்னு உங்க புரொபசரை விட அவங்களுக்கு நல்லாத் தெரியும்.

முன்னாள் மெஸ் செக்ரட்டரி:
மேல சொன்ன அண்ணன் சொல்றது நூத்துக்கு நூறு. சோறு விஷயம் மட்டும் நான் சொல்றேன். கை கழுவற இடத்துல ஒரு டிரம், ஒரு தராசு, ஒரு கரும்பலகை. இன்னிக்கு வீணானது எத்தனை கிலோன்னு டெய்லி எழுதுங்க, யாரையும் திட்ட வேணாம். எங்க பேட்ச்ல அதைப் பாத்துதான் தெரிஞ்சுது, பசங்க கொட்டறதை விட பாத்திரத்துலயே மீந்து போறது அதிகம்னு. லீவுக்கு யார் யார் ஊருக்குப் போறாங்கன்னு மெஸ்ஸுக்குச் சொல்ல ஆளில்ல, வெள்ளிக்கிழமை நைட்டும் ஃபுல் ஹாஸ்டலுக்குச் சமைச்சு வச்சிருப்பாங்க. மதியமே ஒரு நோட்டுல பேர் எழுத வச்சோம், அதுலயே நிறைய குறைஞ்சுது.

லேடீஸ் ஹாஸ்டல்னா நாப்கினைப் பத்தி இந்த மாதிரி கமிட்டில எவனும் வாயத் தொறக்க மாட்டான், நான் சொல்லிடறேன். பேப்பர்ல சுத்தித் தனித் தொட்டில போடணும், இல்லன்னா அந்த அக்காங்கதான் வெறுங்கையால பிரிக்கணும். அவங்களுக்குக் கையுறை வாங்கிக் கொடுக்கறது உங்க போஸ்டர் செலவை விடக் கம்மி.

அப்புறம் ஃபைனல் இயர் காலி பண்ற நேரம். பக்கெட்டு, பாய், படம் வரையற டிராஃப்டர், லேப் கோட் எல்லாம் வராண்டாவுல அப்படியே கிடக்கும். ஒரு ரூமைத் தொறந்து வச்சு அதுல போடச் சொல்லுங்க, ஃபர்ஸ்ட் இயர் வந்து அள்ளிட்டுப் போயிடும்.

மிளகுக்கொடி ஏற்காடு:
நாங்க எஸ்டேட்ல காபிப் பழத்தோலைச் சாணி, எலை எல்லாம் சேத்து மக்க வைக்கறவங்க, அதனால இதைச் சொல்லலாம்னு. கேம்பஸ்ல வேப்பமரம் புங்கமரம் இருக்கும், அந்த எலையைக் கூட்டித் தெனமும் கொளுத்துவாங்க இல்லையா, மொதல்ல அதை நிறுத்துங்க. சோத்துக்கு ஜோடி அதுதான். ஓட்டை விட்டுக் கட்டின செங்கல் தொட்டில ஒரு பங்கு சோறு காய்கறிக் கழிவுக்கு ரெண்டு பங்கு காஞ்ச எலை, அடுக்கடுக்கா. பிடிச்சுப் பிழிஞ்சா ஒண்ணு ரெண்டு சொட்டுத் தண்ணி வரணும், ஒழுகக்கூடாது. உள்ள 55, 60 டிகிரி சூடு ஏறினா சரியாப் போகுதுன்னு அர்த்தம். நாத்தம் வந்தா காத்து போகலன்னு அர்த்தம், கிளறிட்டு இன்னும் எலை போடுங்க. எலும்பு, குழம்பு எல்லாம் ஆரம்பத்துல வேணவே வேணாம், நாய் வந்து தொட்டியைப் பிரிச்சுரும் (இங்க எங்களுக்குக் குரங்கு). மாங்கா சீசன்ல தோல் மக்கிடும், கொட்டை லேசுல மக்காது, தனியா எடுத்துருங்க.

காசு இல்லன்னு நிர்வாகம் சொன்னா திடக்கழிவு மேலாண்மை விதியைக் காட்டுங்க. ஒரு நாளைக்கு 100 கிலோவுக்கு மேல குப்பை போடற இடம்னா பெரிய அளவுல குப்பை உண்டாக்கற இடம்னு கணக்குல வருது, மக்கறதை முடிஞ்சவரை வளாகத்துக்குள்ளயே மக்க வைக்கணும். ஆயிரம் பேர் சாப்பிடற மெஸ்ல தலைக்கு 100 கிராம் மிச்சம் வச்சாலே அந்த 100 கிலோ வந்துருது.

தட்டுவடை செட்:
எல்லாரும் பிரி பிரின்னு சொல்றீங்க, கப்பை யாரும் பேசலையே. அந்தப் பேப்பர் கப்புக்குள்ள மெல்லிசா பிளாஸ்டிக் பூச்சு இருக்கு, பேப்பர்காரனும் எடுக்க மாட்டான், எலையோட போட்டாலும் மக்காது. 2019 ஜனவரி 1ல இருந்து நம்ம கவர்மெண்ட் தடை பண்ண லிஸ்ட்லயே பூச்சுக் கப் இருக்கு, ஆனா கேன்டீன்ல மட்டும் அது கண்ணுக்குத் தெரியாது. எவர்சில்வர் டம்ளர் வைக்கச் சொல்லுங்க. காணாம போகும்னு சொல்வாங்க, அதுக்கு நீலகிரில 2022ல டாஸ்மாக் பாட்டிலுக்குப் பண்ண மாதிரி பண்ணுங்க, பாட்டிலுக்கு 10 ரூபா கூட வாங்கிட்டு காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தா அந்த 10 ரூபாயும் திரும்ப. குடிச்சிட்டு வர்றவனே பொறுப்பா திருப்பித் தரான், படிக்கற பசங்க தர மாட்டாங்களா?

தூக்குச்சட்டி:
இவ்வளவு வரும்னு நினைக்கல, நன்றிங்க. கேன்டீன் அண்ணன்கிட்ட டம்ளர் பத்திக் கேட்டேன், கழுவ ஆள் இல்ல, வெயில் காலத்துல தண்ணி லாரிதான்னு சொல்லிட்டாரு, அதுவும் நியாயம்தான். இப்போதைக்கு அவங்கவங்க டம்ளர் கொண்டு வந்தா டீ ரெண்டு ரூபா கம்மின்னு கேட்டுப் பாக்கறேன். கூட்டற அக்காங்ககிட்ட நாளைக்குப் பேசறேன். ட்ரெய்லருக்கு நடுவுல தகரம் வச்சுத் தடுத்துட்டா போதுமாண்ணா?

செவ்வாப்பேட்டை தராசு:
தகரம் எதுக்குப்பா, டிராக்டர்லயே ஏத்தாதீங்க. காஞ்சது எல்லாம் சாக்குல கட்டி மழை படாத எடத்துல அடுக்குங்க, ஒரு லோடு சேந்ததும் போன் போட்டா யாவாரி ஆட்டோ எடுத்துட்டு தானா வருவான், காசு அக்காங்க கையில. எடையை மட்டும் நீங்க முன்னாடியே போட்டு எழுதி வச்சுருங்க, எங்க தராசை நம்பாதீங்க.