பொருள்: ‘ஹவுசிங் பர்ஸ்ட்’, ‘ஹவுசிங் லெட்’ – தமிழில் என்ன சொல்லலாம்?

ராயபுரம், திங்கள் காலை

அனைவருக்கும் வணக்கம். சனிக்கிழமை மூலக்கொத்தளத்தில் நாற்பது பெண்களுக்குப் பயிற்சி. எல்லோரும் வால்டாக்ஸ் சாலையிலும் பாரிமுனையிலும் நடைபாதையில் பிள்ளைகளை வளர்த்தவர்கள். பலர் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள். கையேடு வியாழனன்று அச்சுக்குப் போகவேண்டும். இரண்டு சொற்களில் சிக்கி நிற்கிறேன்.

‘ஹவுசிங் பர்ஸ்ட்’ வீடற்றவர்களுக்கான ஒரு முறை; 1992இல் நியூயார்க்கில் உளவியலாளர் சாம் செம்பெரிஸ் தொடங்கியது. குடியை விடு, மருந்து சாப்பிடு, அதன்பின் வீடு என்று படிப்படியாக ஏற்றாமல், சாவியைக் கொடுத்துவிட்டு உதவிகளை அந்த வீட்டுக்கே கொண்டுபோவது. ‘ஹவுசிங் லெட்’ அதைவிட விரிந்தது. வாடகை கட்ட முடியாமல் தெருவுக்கு வந்த குடும்பத்தை விரைவில் ஒரு வாடகை வீட்டில் அமர்த்துவதும் அதில் அடங்கும்.

‘வீட்டுவசதி முன்னுரிமை’ என்று எழுதிப் படித்துக்காட்டினேன். “வாரியத்தில் மனு கொடுப்பார்களே, அதுவா?” என்று ஓர் அம்மா கேட்டார். அந்தச் சொல்லை அடித்துவிட்டேன். உதவுங்கள்.

பெரம்பூர், திங்கள் மாலை

‘வீடுமுதல்’ என்று வையுங்கள். அல்வழிப் புணர்ச்சி என்பதால் ஒற்று இரட்டாது. ‘வீட்டுமுதல்’ என்று எழுதிவிடாதீர்கள். அது வேற்றுமைப் புணர்ச்சி, வீட்டுக்குப் போட்ட பணம் என்றாகிவிடும்.

‘வீடு’ என்பதே ‘விடு’ என்னும் பகுதி நீண்டு வந்த தொழிற்பெயர். கெடு கேடானது போல. கட்டு விட்டு இளைப்பாறும் இடம். அறம், பொருள், இன்பம், வீடு என்று நம் முன்னோர் அதைக் கடைசியில் வைத்தார்கள். மற்ற மூன்றிலும் தேறியவனுக்கே வீடு என்பதுதானே நீங்கள் சொல்லும் படிக்கட்டு முறை? வரிசையைத் தலைகீழாக்கும் கொள்கைக்கு அந்தச் சொல்லையே தலையில் வைப்பது மிகப் பொருத்தம்.

திருவொற்றியூர், திங்கள் இரவு

ஐயா, அந்த வீடுபேற்றை மூலக்கொத்தளத்தில் யார் நினைப்பார்கள்? ‘வீடுமுதல்’ என்று கேட்டதும் ‘வீடு முதல் கடை வரை’ என்று வாய் தானாகத் தொடர்கிறது. பின்லாந்தில் 2008 முதல் இதை நாட்டுக் கொள்கையாகவே நடத்துகிறார்கள்; விடுதிகளையே வாடகை ஒப்பந்தம் உள்ள குடியிருப்புகளாக மாற்றினார்கள். அவர்கள் மொழியில் பெயர் ‘அசுன்டோ என்சின்’. குடியிருப்பு முதலில் என்று பொருள். தெருவில் பேசும் சொற்கள். நாமும் ‘முதலில் வீடு’ என்றே சொல்லலாம்.

பெரம்பூர், செவ்வாய் காலை

எளிமைக்காகச் செல்வத்தைத் தூக்கி எறியவேண்டாம். குறள் 340ஐப் பாருங்கள். துச்சில் என்றால் ஒண்டியிருக்கும் இடம். புக்கில் என்றால் நிலையாகப் புகுந்து வாழும் இல்லம். காப்பகம் துச்சில், சொந்தச் சாவியுள்ள அறை புக்கில். இந்த ஒரு வேறுபாட்டில்தான் உங்கள் கையேடு முழுவதும் நிற்கிறது. ‘புக்கில்வழி அணுகுமுறை’ என்றால் ‘ஹவுசிங் லெட்’டும் முடிந்தது.

கொருக்குப்பேட்டை, செவ்வாய் இரவு

வேறுபாடு அருமை, ஐயா. 2010இல் உச்ச நீதிமன்றம் நகரங்களில் லட்சம் பேருக்கு ஒரு வீடற்றோர் காப்பகம் என்றது; நமக்குக் கிடைத்ததெல்லாம் துச்சில்தான். அதிலும் அப்பா ஓரிடம், அம்மாவும் சிறுபிள்ளைகளும் வேறிடம் என்றால் அந்தக் குடும்பம் நடைபாதைக்கே திரும்பிவிடுகிறது. ஆனால் ‘புக்கில்’ என்று சொல்லிவிட்டு அரை மணி நேரம் உரை சொல்ல எனக்கு நேரம் கிடையாது.

சொல்லைவிட எனக்கு இன்னொரு கவலை. ‘வீடு’ என்றதும் அந்தப் பெண்களுக்கு, குடிசைகளை அகற்றி ஆட்களைத் தொலைவில் குடியமர்த்திய கண்ணகி நகரும் பெரும்பாக்கமும்தான் நினைவுக்கு வருகின்றன. பாரிமுனையில் விடியற்காலையில் பூக்கட்ட வேண்டியவர் அங்கிருந்து எப்படி வருவார்? 2021இல் குடிசை மாற்று வாரியத்தின் பெயரில் ‘வாழ்விடம்’ வந்தது. வாழ்வும் இடமும் சேர்ந்த சொல் அது. ‘வாழ்விடவழி’ என்று வைத்தால், பிழைப்பு இருக்கும் இடத்திலேயே வீடு என்பதை அந்தப் பெண்கள் உரிமையோடு கேட்கலாம்.

திருவொற்றியூர், புதன் காலை

வாரியத்தின் சொல்லை எடுத்தால் வாரியத்தின் மனுதான் மறுபடியும் வரும். ‘வீட்டுவழி’ போதும். எங்கே வீடு என்பதைப் பயிற்சியில் முதல் மணி நேரத்திலேயே பேசுங்கள்.

ராயபுரம், புதன் இரவு

இன்று மாலை அந்த அம்மாவிடம் ‘முதலில் வீடு’ என்றேன். “சரி, அப்புறம் என்ன செய்வீர்கள்?” என்று கேட்டார். அப்புறம் ஒன்று உண்டு என்பது வரை அவருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. தனிமடலில் எழுதியவர்களையும் சேர்த்தால் ஆறு பேர் இதற்கு ஆதரவு. அட்டையில் ‘முதலில் வீடு’. ‘ஹவுசிங் லெட்’டுக்கு ‘வீட்டுவழி அணுகுமுறை’. வியாழன் காலை அச்சகத்துக்குக் கொடுத்துவிடுவேன்.

பெரம்பூர், புதன் நள்ளிரவு

அம்மாவுக்குப் புரிந்தது எனக்கும் மகிழ்ச்சி. ஆனாலும் அது தொடர், கலைச்சொல் ஆகாது. ‘திட்டம்’ என்பதைச் சேர்த்துப் பாருங்கள். ‘முதலில் வீட்டுத் திட்டம்’ என்றால் முதலில் ஒரு வீட்டுத் திட்டம், பிறகு வேறொரு திட்டம் என்றாகிறது. ஒற்று இல்லாமல் ‘முதலில் வீடு திட்டம்’ என்று எழுதினால் ‘திட்டம்’ ஒட்டாமல் தனியே நிற்கிறது. ‘வீடுமுதல் திட்டம்’ எங்கும் இடறாது. அட்டையை மாற்றவேண்டாம், தம்பி. பதினான்காம் பக்கத்தில், திட்டத்தின் பெயர் வரும் இடத்திலாவது என் சொல்லைப் போடுங்கள். துச்சிலையும் நான் விடவில்லை.