படலம் என்றால் நோயா, மருந்தா?

அன்புள்ள குழுவினருக்கு,

வணக்கம். வாடகைக் கார் ஓட்டுநர்களுக்கான பராமரிப்புக் கையேடு ஒன்றை எழுதிக்கொண்டிருக்கிறேன். டயர், பிரேக், கிளட்ச் எல்லாம் தொல்லையின்றி முடிந்தன. ஓட்டுநர்களின் வாயில் இருக்கும் பெயர்களையே எடுத்துக்கொண்டேன். முகப்பு விளக்குக்கு வந்ததும் சிக்கிக்கொண்டேன். புது வண்டி வாங்கியவுடன் விளக்கின் மேல் நிறமில்லாத மெல்லிய தாள் ஒன்றை ஒட்டுகிறார்களே, கடைப் பலகைகளில் 'பி.பி.எப்.' என்றும் 'ஹெட்லைட் பிலிம்' என்றும் இருக்கிறதே, அதற்குத்தான் தமிழ்ப் பெயர் தேடுகிறேன்.

'காப்புப் படலம்' என்று எழுதிவிட்டு அடுத்த பக்கம் போயிருப்பேன். போன மாதம் என் வண்டிக்கு நேர்ந்தது தடுத்துவிட்டது. என் காரின் இடது விளக்கு பழையது, மஞ்சளாக மங்கிப்போனது. வலது விளக்கு ஒரு மாட்டுவண்டியில் இடித்து உடைந்ததால் புதிதாக மாற்றியது; அதன் மேல் இந்தத் தாளையும் ஒட்டியிருந்தேன். பணிமனையில் வேலைச் சீட்டைப் பிடிவாதமாகக் கேட்டு வாங்கி, 'விளக்கில் படலம் உள்ளது, நீக்கவும்' என்று தமிழில் எழுதிக் கொடுத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போனேன். திரும்பி வந்தபோது இடது விளக்கு அதே மஞ்சளோடு விழித்துக்கொண்டிருந்தது. வலது விளக்கின் தாள் முழுதாக உரிக்கப்பட்டுக் குப்பைக் கூடையில் சுருண்டு கிடந்தது. அந்தப் பையனைக் கோபித்துக்கொள்ள எனக்கு வாய் இல்லை. நான் எழுதியதைத்தான் அவன் செய்திருந்தான்.

விளக்கின் மேல் மூன்று சங்கதிகள் இருக்கின்றன. மூடி பாலிகார்பனேட்டால் ஆனது. அதன் மேல் தொழிற்சாலையிலேயே ஒரு கடினப் பூச்சு கொடுத்துவிடுகிறார்கள். அது கண்ணுக்குத் தெரியாது. இது முதலாவது. வெயிலின் புற ஊதாக் கதிர்கள் ஆண்டுக்கணக்கில் விழுந்து அந்தப் பூச்சைத் தின்று தீர்த்ததும், பாலிகார்பனேட்டின் மேற்பரப்பே மஞ்சளித்துப் பால்போல மங்குகிறது. இது இரண்டாவது. மூன்றாவதாக, நாம் வெளியே ஒட்டும் தாள். மூன்றையுமே 'படலம்' என்று அழைக்கத் தமிழ் இடம் கொடுக்கிறது. அதுதான் தொல்லை. 'கண்ணில் படலம் விழுந்துவிட்டது' என்று பாட்டி சொன்னால் நோய். 'ஓசோன் படலம்' என்று பாடநூல் சொன்னால் பாதுகாப்பு. 'விளக்கில் படலம்' என்று நான் எழுதினால் அது எது?

முதலாவதற்குப் பூச்சு என்ற சொல்லே போதும். இரண்டாவதற்கு 'விளக்குப் புரை' என்று வைக்கலாம் என்பது என் எண்ணம். கண்ணின் வில்லை மங்குவதைக் கண்புரை என்கிறோம். விளக்கின் மூடி மங்குவதும் அதே சாயல்தான். தெரிந்த ஓட்டுநர் ஒருவரிடம், 'உங்கள் விளக்கில் புரை விழுந்திருக்கிறது' என்று சொல்லிப் பார்த்தேன். 'ஆமாம், ஆபரேஷன் செய்ய வேண்டும்' என்றார். என்ன பொருள் என்று கேட்கவில்லை. ஒரு சொல்லுக்கு இதைவிட நல்ல தேர்வு வேறில்லை.

மூன்றாவதற்குத்தான் உங்களிடம் வந்திருக்கிறேன். 'உறை' பொருந்தவில்லை, தலையணை உறை, வாளின் உறை எல்லாம் தளர்வாகப் போட்டுக் கழற்றுபவை. இது பசையோடு ஒட்டிக்கொள்வது. பாலேட்டை நினைத்துக்கொண்டு 'காப்பேடு' என்று ஒட்டிப் பார்த்தேன். கூட்டுறவு வங்கியின் பதிவேடு போல இருக்கிறது. 'சவ்வு' என்றால் உடம்புக்குள் போய்விடுகிறோம். கடைசியில் வேலியோரம் கிடந்த ஒன்று நினைவுக்கு வந்தது: பாம்புச் சட்டை. உடம்போடு ஒட்டியிருக்கும்; பழையதானதும் முழுதாக உரிந்துவிடும்; உள்ளே பளபளப்பு அப்படியே இருக்கும். விளக்கின் மேல் ஒட்டும் தாளும் வெயிலையும் கல்லையும் தான் வாங்கிக்கொண்டு, கெட்டதும் உரித்துப் போடுவதற்காகவே இருப்பது. 'விளக்குச் சட்டை' என்று வைத்தால் என்ன? ஒட்டுவது, உரிப்பது என்ற வினைகளும் கூடவே வந்துவிடுகின்றன.

கருத்துகளை எதிர்பார்க்கிறேன்.

•

தம்பிக்கு,

யாழ்ப்பாணத்தில் முப்பது ஆண்டுகள் பௌதிகவியல் படிப்பித்து ஓய்வு பெற்றவள் நான். உங்கள் வேலைச் சீட்டுக் கதையை வாசித்துச் சிரித்தேன். ஆனாலும் சீட்டில் 'இடது விளக்கு' என்று ஒரு சொல் கூடுதலாக எழுதியிருந்தால் இந்த விவாதமே வந்திராது அல்லவா? எழுதியவரின் சோம்பலுக்குச் சொல்லைத் தண்டிக்கக்கூடாது.

பல பொருள் ஒரு சொல் என்பது குறை இல்லை. நீங்கள் ஓசோன் படலம் என்கிறீர்கள். எங்கள் பாடநூல்களில் அது ஓசோன் படை. இங்கே மண்ணுக்கும் படை, வளிமண்டலத்துக்கும் படை. அதே சொல்லை உங்கள் பக்கத்தில் சொன்னால் தோல் மருத்துவரிடம் அனுப்பிவிடுவீர்கள். போருக்குப் போவதும் படைதான். அதற்காக எங்கள் பிள்ளைகள் பரீட்சையில் குழம்பவில்லை. பெயரடை சேர்த்துவிட்டால் பொருள் தெளிந்துவிடும். 'காப்புப் படலம்' என்றால் நோய் என்று யார் நினைப்பார்கள்?

'சட்டை'யில் எனக்குச் சங்கடம் உண்டு. 'விளக்குக்குச் சட்டை போட்டீர்களா' என்று கேட்டால் குழந்தைப் பாட்டுப் போல இருக்கிறது. கையேட்டில் அச்சாகும் சொல்லுக்குக் கொஞ்சம் கனம் வேண்டும். உங்கள் பக்கத்துச் செல் சவ்வை நாங்கள் உயிரியலில் கலமென்சவ்வு என்று எழுதுகிறோம். அதுபோல 'ஒட்டுமென்படலம்' என்று வைத்துக்கொள்ளலாமே. 'விளக்குப் புரை'யை மட்டும் மறுபேச்சின்றி ஏற்றுக்கொள்கிறேன். அது நன்றாக விழுந்திருக்கிறது.

சொல்லுக்கு முந்திய கேள்வி ஒன்றும் உண்டு. அந்தத் தாளை ஒட்டத்தான் வேண்டுமா? ஒட்டத் தேவையில்லாத ஒன்றுக்குப் பெயர் வைப்பதற்கு ஏன் இவ்வளவு பாடு?

•

ஐயா, அம்மா, இருவருக்கும் வணக்கம்.

கோவையில் இந்தத் தாள் ஒட்டும் தொழிலில் இருக்கிறேன். இந்தக் குழுவில் படிப்பதோடு நிறுத்திக்கொள்பவன். அம்மாவின் கடைசிக் கேள்விக்காக எழுதுகிறேன்.

எல்லோருக்கும் தேவையில்லை. அம்பாசடர், பழைய பியட் வண்டிகளின் விளக்குக்கு முன்னால் கண்ணாடி இருந்தது. கண்ணாடி உடையும், ஆனால் மஞ்சளாகாது. அமெரிக்காவில் 1940 முதல் முழுதாக மூடிய கண்ணாடி விளக்குத்தான் கட்டாயம்; 1983இல் அந்த விதி தளர்ந்த பிறகு, 1984ஆம் ஆண்டு மாடல் லிங்கன் மார்க் 7 பிளாஸ்டிக் மூடியோடு வந்தது. எடை குறைவு, வேண்டிய வடிவில் வார்க்கலாம், கல் பட்டாலும் சில்லுச் சில்லாகச் சிதறாது. எல்லோரும் அதற்கு மாறினார்கள். புரை நம் வீட்டு வாசலுக்கு வந்தது அந்த வழியில்தான்.

வண்டி இரவும் பகலும் மூடிய ஷெட்டில் நிற்கிறது என்றால் தாள் வேண்டாம் என்றே சொல்லி அனுப்பிவிடுவேன். நாள் முழுவதும் ரயில் நிலைய வாசலில் வெயிலில் நிற்கும் வாடகை வண்டிக்கும், நெடுஞ்சாலையில் லாரிக்குப் பின்னால் ஓடிக் கல்லடி வாங்கும் வண்டிக்கும் ஒட்டலாம். முழு எல்.இ.டி. விளக்கு உள்ள வண்டி என்றால் பல்பு மட்டும் மாற்ற முடியாது; மொத்த விளக்கையும் வாங்க வேண்டிவரும். அதன் விலையைக் கேட்டவர்கள் தாளின் விலையைப் பற்றிப் பேசமாட்டார்கள்.

தாளிலும் இரண்டு சாதி. பாலியூரித்தேன் தாள் 150 முதல் 200 மைக்ரான் கனம் இருக்கும்; வளைவுகளில் இழுத்து ஒட்டலாம்; மேல் பூச்சு நல்லதாக இருந்தால் சின்னக் கீறல்கள் வெயில் சூட்டிலேயே மறைந்துவிடும். வியட்நாம் போரின்போது ஹெலிகாப்டர் இறக்கைகளை மணலிடமிருந்து காக்க ஒட்டிய நாடாதான் இதன் பாட்டன். மற்றது மலிவான வினைல். அது சுருங்கும், ஓரம் தூக்கும், உரிக்கும்போது பசையை விட்டுவிட்டுப் போகும். பாலியூரித்தேனும் சிரஞ்சீவி இல்லை. சில ஆண்டுகளில் அதுவும் மஞ்சளிக்கும். அப்போது உரித்துவிட வேண்டும்.

புரை விழுந்த விளக்கின் மேல் அப்படியே ஒட்டச் சொல்லிச் சிலர் வருகிறார்கள். ஒட்டினால் முதல் நாள் கொஞ்சம் தெளிவாகத் தெரியும், ஏனென்றால் பசை மேல் கீறல்களை நிரப்பிவிடும். மஞ்சள் அடியில் அப்படியே இருக்கும். முதலில் உப்புத்தாள் போட்டுப் புரையை எடுக்க வேண்டும்; சொரசொரப்பான 800 எண் தாளில் தொடங்கி, மென்மையான 2000, 3000 எண் தாள் வரை ஏறி, பிறகு பாலிஷ். இதில் யாரும் சொல்லாத ஒன்று இருக்கிறது. உப்புத்தாள் போட்டால் மிச்சமிருந்த தொழிற்சாலைப் பூச்சும் போய்விடும். விளக்கு அன்றைக்குப் புதிதாகத் தெரியும். மேலே ஒன்றும் போடாமல் விட்டால் சில மாதங்களில் முன்னைவிட வேகமாக மங்கும். பற்பசை போட்டுத் தேய்த்தவர்களுக்கும் இதே கதிதான். ஆகவே தாள் மிக அவசியமாவது புது வண்டிக்கு அல்ல, புரை எடுத்த வண்டிக்கு.

கறுப்புச் சாயம் போட்ட தாளை எங்கள் கடையில் விளக்குக்கு ஒட்டுவதில்லை. வெளிச்சத்தைக் குறைத்துக்கொண்டு இரவில் ஓட்டுவது என்ன அழகோ தெரியவில்லை. ஜெர்மனியில் இருக்கும் என் தம்பி சொல்வான், அங்கே சான்று இல்லாத தாள் எதுவாக இருந்தாலும் முகப்பு விளக்கில் ஒட்டக்கூடாதாம், நிறமற்றதாக இருந்தாலும்.

பெயரைப் பற்றி: நாங்கள் 'பிலிம்' என்போம். ஆனால் 2012இல் உச்ச நீதிமன்றம் கார் ஜன்னல்களில் பிலிம் ஒட்டக்கூடாது என்று தீர்ப்புச் சொன்னதிலிருந்து அந்தச் சொல்லைக் கேட்டாலே ஓட்டுநர்களுக்கு அபராதச் சீட்டு கண்ணில் தெரிகிறது. 'விளக்கில் பிலிமா, போலீஸ் பிடிக்காதா' என்று கேட்காதவர் இல்லை. வேறு சொல் வந்தால் எங்களுக்கும் நல்லது. எது என்று நீங்கள் முடிவு செய்யுங்கள்.

•

அம்மாவுக்கும் கோவை நண்பருக்கும் நன்றி.

அம்மா, சோம்பல் குற்றச்சாட்டை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வேலைச் சீட்டு எப்போதும் சோம்பலாகத்தான் எழுதப்படும். பெயரடை சேர்த்தால் தெளிவு வரும் என்பது பாடநூலில் சரி. பணிமனையில் முதலில் உதிர்வது பெயரடைதான். 'ஒட்டுமென்படலம்' என்று நான் அச்சிட்டால் இரண்டாம் நாள் அது வெறும் 'படலம்' ஆகிவிடும், நாம் புறப்பட்ட இடத்துக்கே வந்துவிடுவோம். சுருக்கினாலும் பொருள் மாறாத சொல்தான் எனக்கு வேண்டும். 'சட்டையை உரி' என்பதையும் 'புரையை எடு' என்பதையும் யாரும் மாற்றிப் புரிந்துகொள்ள முடியாது.

கனம் போதாது என்றீர்கள். தமிழ்நாட்டில் எதிரே வருபவரின் கண் கூசாமல் இருக்க முகப்பு விளக்கின் நடுவே ஒரு கறுப்பு வட்டம் ஒட்டுவார்கள். போக்குவரத்துக் காவலர்களே சாலையில் நிறுத்தி ஒட்டுவதும் உண்டு. அதற்கு எங்கள் பக்கத்து ஓட்டுநர்கள் வைத்த பெயர் 'பொட்டு'. 'வண்டிக்குப் பொட்டு வைத்தாயிற்றா' என்பார்கள். எந்தக் குழுவும் கூடி அந்தச் சொல்லை ஆக்கவில்லை. பொட்டு வைத்துக்கொண்ட விளக்கு சட்டையும் போட்டுக்கொள்ளட்டும். குழந்தைப் பாட்டுப் போல இருந்தாலும் பாதகமில்லை, நினைவில் நிற்கும்.

கோவை நண்பர் சொன்னதில் எனக்கு உறைத்தது புரை எடுத்த பிறகுதான் சட்டை மிகத் தேவை என்பது. நான் வரிசையைத் தலைகீழாக எழுதி வைத்திருந்தேன். திருத்திய பத்தி இது:

'புது விளக்குக்கு வெயில், கல்லடி மிகுதியாக இருந்தால் மட்டும் சட்டை ஒட்டுங்கள். புரை விழுந்த விளக்கின் மேல் சட்டை ஒட்டாதீர்கள். முதலில் உப்புத்தாளால் புரையை எடுத்துப் பாலிஷ் செய்யுங்கள். புரை எடுத்த விளக்கைச் சட்டையோ புதுப் பூச்சோ இல்லாமல் விடாதீர்கள். சட்டை மஞ்சளித்தால் இளஞ்சூடு காட்டி உரித்துவிட்டு வேறு ஒட்டுங்கள். கறுப்புச் சட்டை வேண்டாம்.'

இதில் 'சட்டை' வரும் இடத்திலெல்லாம் 'படலம்' என்று போட்டு இரண்டாவது வாக்கியத்தை ஒருமுறை படித்துப் பாருங்கள், அம்மா.

•

தம்பிக்கு,

படித்துப் பார்த்தேன். சரி, சட்டை இருக்கட்டும். ஆனால் முதல் தடவை வரும்போது 'விளக்குச் சட்டை' என்று முழுதாக எழுதுங்கள். 'கறுப்புச் சட்டை வேண்டாம்' என்ற வரியை மட்டும் மாற்றிவிடுங்கள்; உங்கள் ஊரில் அதற்கு வேறு அர்த்தம் எடுப்பார்கள் என்று என் மகள் சொல்கிறாள்.