குட்டி மலை ரயில் நிலையம் பொம்மை வீடு மாதிரி தெரிகிறது, எப்படிப் பழசாக்குவது?

கரிப்புகை:
நண்பர்களுக்கு வணக்கம். மாடி அறையில் நீலகிரி மலை ரயிலை வைத்து ஒரு லேஅவுட் (குட்டி ரயில் ஓடும் மாதிரி அமைப்பு) போட்டுக்கொண்டிருக்கிறேன். அளவு 1:87 (நிஜத்தில் 87-ல் ஒரு பங்கு), நிஜப் பாதை மீட்டர்கேஜ் (ஒரு மீட்டர் அகலம்) என்பதால் 12 மிமீ தண்டவாளம். கல்லாறுக்கும் குன்னூருக்கும் நடுவில் எங்கேயோ ஒரு கற்பனை நிலையம்: சின்ன ஸ்டேஷன் கட்டடம், தண்ணீர்த் தொட்டி, தகரக்கூரை போட்ட என்ஜின் ஷெட் (நிஜத்தில் ஷெட் குன்னூரில்தான், ஆனால் எனக்கு ஆசை, வைத்துவிட்டேன்). சுவரெல்லாம் சன்போர்டு (லேசான நுரைப்பலகை), ஸ்டேஷன் கூரை அட்டை. அளவில் குறை இல்லை, ஏழடிக் கதவு 24 மிமீ வருகிறது. ஆனாலும் போட்டோ எடுத்துப் பார்த்தால் கடையில் வாங்கிய பொம்மை வீடுதான். மங்களூர் ஓடு, தகரம், மழைக்கறை, புகை இதையெல்லாம் எப்படிக் கொண்டுவருகிறீர்கள்? ஏர்பிரஷ் (காற்றால் பெயின்ட் தெளிக்கும் கருவி) கிடையாது, வாங்கும் எண்ணமும் இல்லை.

ஓட்டுவீடு:
ஏர்பிரஷ் வேண்டாம். முதலில் கூரையைப் பாருங்கள், ஏனென்றால் லேஅவுட்டை நாம் எப்போதும் மேலிருந்துதான் பார்க்கிறோம், சுவர் அப்புறம்தான் கண்ணில் படும். மங்களூர் ஓடு நிஜத்தில் சுமார் 41 செமீ நீளம், உங்கள் அளவில் 4.7 மிமீ. மேல் வரிசை மூடியது போகக் கண்ணுக்குத் தெரிவது நாலு மிமீக்கும் குறைவு. ஒவ்வோர் ஓடாக ஒட்டினால் பைத்தியம் பிடித்துவிடும். பழைய விசிட்டிங் கார்டைப் பட்டை பட்டையாக நறுக்கி, ஓட்டின் அகலத்துக்கு ஒரு கீறல் போட்டு, கீழ் வரிசையிலிருந்து மேலே ஒன்றின் மேல் ஒன்றாக ஃபெவிகாலில் ஒட்டுங்கள். அட்டைக்கு அடியிலும் ஒரு கோட் பெயின்ட் அடித்துவிடுங்கள், ஒரு பக்கம் மட்டும் ஈரமானால் வில்லாக வளையும். முழுக்கூரைக்கும் ஒரே சிவப்பு அடிக்காதீர்கள். பர்ன்ட் சியன்னாவில் (செம்பழுப்பு) கொஞ்சம் வெள்ளை கலந்து அடித்துவிட்டு, அங்கங்கே நாலைந்து ஓடுகளை மட்டும் வேறு வேறு நிறமாக்குங்கள், உடைந்ததை மாற்றிப் புதுசு போட்ட மாதிரி.

தகரத்துக்கு ஹோட்டல் பார்சல் அலுமினிய டப்பா போதும், நீளமான மரைக்கம்பி மேல் வைத்து அழுத்தினால் நெளிவு விழும். பிரைமர் (பெயின்ட் பிடிப்பதற்கான அடிப்பூச்சு) அடிக்காமல் பெயின்ட் அடித்தால் உரிந்து வரும்.

மழைச்சாரல்:
கூரை சரி. ஆனால் கறை போடுவதற்கு முன்னால் தண்ணீர் எங்கிருந்து விழுகிறது என்று யோசியுங்கள். குன்னூர்ப் பக்கம் ஐப்பசி, கார்த்திகையில் கொட்டும் மழை, ஓட்டு விளிம்பிலிருந்து தரையில் விழுந்து தெறித்துச் சுவரின் கீழ் ஓரடிக்குச் செம்மண் ஏறியிருக்கும். அதற்கு மேல் ஜன்னல் படியின் இரண்டு முனையிலிருந்தும் கீழ்நோக்கி மெல்லிய கோடு. அவ்வளவுதான். சுவர் முழுக்க அழுக்குப் பூசினால் பழசாகத் தெரியாது, அழுக்காகத்தான் தெரியும்.

கலவை எளிது: 100 மிலி ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் 1 அல்லது 2 மிலி இந்தியன் இங்க். தூரிகையில் எடுத்து மேலிருந்து கீழே ஒரே இழுப்பு. காய்ந்தபின் போதவில்லை என்றால் இன்னொரு முறை. செம்மண்ணுக்கு சாஃப்ட் பேஸ்டலை (சாக்பீஸ் மாதிரி வண்ணக்குச்சி) மணல்தாளில் தேய்த்துப் பொடியாக்கிக் காய்ந்த தூரிகையால் ஒற்றுங்கள்.

பல்சக்கரம்:
மழைச்சாரல் சொன்னதில் எனக்குப் பாதி உடன்பாடுதான். லேஅவுட் எந்த வருடத்தைக் காட்டுகிறது என்று கரிப்புகை இன்னும் சொல்லவே இல்லையே? 2005-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த பாதை இது, இன்று சுற்றுலாப் பயணிகள் போட்டோ எடுக்கும் இடம், நிலையங்களுக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டே இருக்கிறார்கள். செம்மண் கறை, துருப்பிடித்த தகரம் எல்லாம் வேண்டுமென்றால் 1980-களுக்குப் போய்விடுங்கள். அப்போது கரி என்ஜின், ஷெட் பக்கத்தில் கரிக்குவியலும் சாம்பலும் கட்டாயம்.

இன்னொன்று, இதைப் பலர் கவனிப்பதில்லை. மலையேறும்போது என்ஜின் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு போகும். ஆகவே வண்டி நிற்கும்போது என்ஜின் எப்போதும் பிளாட்பாரத்தின் கீழ் முனையில், அதாவது கல்லாறு பக்கத்தில்தான் இருக்கும். தண்ணீர்க் குழாயும் அங்கே வர வேண்டும், எண்ணெய்க் கறை, ஈரம், கரித்தூள் எல்லாம் அந்தச் சில அங்குல ஜல்லியில் மட்டும். மறுமுனை சுத்தமாக இருக்கட்டும். ஷெட்டுக்குள் கூரையின் அடிப்பக்கமும், வாசலுக்கு மேலே உள்ள சுவரும் மங்கிய கறுப்பு. பளபளக்கும் கறுப்பு வேண்டாம்.

கரிப்புகை:
1980-களே இருக்கட்டும், துருவை விட மனசில்லை. பல்சக்கரம் அண்ணே, தொட்டியை மேல் முனையில் ஒட்டிவிட்டேன், பெயர்த்து மாற்றுகிறேன். ஒரு சந்தேகம்: மேட் வார்னிஷ் (பளபளப்பில்லாத மேல்பூச்சு) முதலிலா, இங்க் வாஷ் (அந்த ஆல்கஹால், இங்க் கலவை) முதலிலா?

மழைச்சாரல்:
வாஷ் முதலில். தின்னரில் கரையும் லாக்கர் வகை மேட் வார்னிஷ் மேல் ஆல்கஹால் பட்டால் வெள்ளையாகப் பூத்துவிடும். அப்படி ஆனாலும் பயப்பட வேண்டாம், அதே வார்னிஷை மேலே லேசாக அடித்தால் பெரும்பாலும் மறைந்துவிடும். சில பேர் வெயிலில் வெளுத்த மரத்துக்கு அந்தப் பூப்பையே வேண்டுமென்று வரவழைக்கிறார்கள். பேஸ்டல் பொடி கடைசியில். அதன் மேல் வார்னிஷ் அடித்தால் பாதி காணாமல் போகும், அதனால் கொஞ்சம் தூக்கலாகவே போட்டுக்கொள்ளுங்கள்.

ஓட்டுவீடு:
ஒரு துண்டு சன்போர்டில் முதலில் போட்டுப் பார்த்துவிட்டு அப்புறம் ஸ்டேஷனில் கை வையுங்கள். தொட்டியைப் பெயர்க்கும்போது கீழே இருக்கும் ஜல்லியைத் தண்ணீர் தெளித்து ஊறவிட்டால் ஃபெவிகால் இளகிவிடும், கத்தியால் நெம்ப வேண்டாம்.