மறு: தேர்வெழுதிப் பெறும் கல்லூரிக் கிரெடிட்டுக்குக் கலைச்சொல்

குழும நண்பர்களுக்கு வணக்கம். அமெரிக்கக் கல்லூரிகளில் ஒரு பாடத்தை முடித்தால் பட்டத்துக்கான கணக்கில் சேரும் அளவே கிரெடிட். வகுப்புக்குப் போகாமல் தேர்வு மட்டும் எழுதி அதைப் பெறுவதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று குழுமத்தில் எழுந்த கேள்விக்கு என் பதில் இது.

> ‘கிரெடிட்’ என்பதற்குக் ‘கடன்’ என்று ஏற்கெனவே சில இடங்களில் எழுதிவிட்டார்கள். ‘தேர்வுவழிக் கல்விக் கடன்’ என்றே வைத்துக்கொள்ளலாமா?

வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. கல்விக் கடன் என்றால், பெற்றோர் வங்கியில் கையெழுத்திட்டு வாங்கி, பிள்ளை வேலைக்குப் போனபின் வட்டியோடு அடைக்கும் பணம் என்றே தமிழில் எல்லோரும் புரிந்துகொள்கிறார்கள். அமெரிக்காவில் இத்தகைய தேர்வுகளை எழுதுகிறவர்களில் பலர் அந்தக் கடனில் விழாமல் பட்டம் பெறவேண்டும் என்பதற்காகவே எழுதுகிறார்கள். கடனைத் தவிர்க்கும் வழிக்குக் கடன் என்றே பெயர் வைத்தால், அதைப் படிக்கும் பிளஸ் டூ மாணவர் விஷயத்தை நேர்மாறாக எடுத்துக்கொள்வார்.

சொல்லைத் தேடுமுன் நடைமுறையைக் கொஞ்சம் விரித்துச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்க இளநிலைப் பட்டத்துக்குப் பொதுவாக 120 கிரெடிட் வேண்டும். வாரத்துக்கு மூன்று மணி நேர வகுப்பாக ஏறத்தாழ 15 வாரம் நடக்கும் ஒரு பாடம் மூன்று கிரெடிட் தரும். அந்தப் பாடத்தை வகுப்பில் உட்காராமலே, சொந்தமாகப் படித்தோ வேலையில் பழகியோ ஏற்கெனவே அறிந்தவர், அறிந்திருப்பதைத் தேர்வில் காட்டினால் போதும் என்பதே இந்த ஏற்பாடு. இவற்றுள் பரவலாக அறியப்பட்டது, காலேஜ் போர்டு என்ற அமெரிக்கத் தேர்வு அமைப்பு 1967 முதல் நடத்திவரும் ‘கிளெப்’ (CLEP) தேர்வு. உளவியல் அறிமுகம், கல்லூரி அல்ஜீப்ரா, அமெரிக்க அரசாங்கம், ஸ்பானிஷ் மொழி என முப்பதுக்கும் மேற்பட்ட பாடங்களில் இது நடக்கிறது. பெரும்பாலான தாள்களுக்கு ஒன்றரை மணி நேரம். கட்டணம் 100 டாலருக்குச் சற்றுக் குறைவு. தேர்வு மையம் தனியாக ஒரு சிறு தொகை வாங்கும். அரசுப் பல்கலைக்கழகத்திலேயே, அதுவும் அந்த மாநிலத்தவருக்கே, மூன்று கிரெடிட் பாடம் ஒன்று ஆயிரம் டாலரை ஒட்டி வருகிறது என்பதோடு இதை ஒப்பிட்டால், ஐந்தாறு பாடங்களை இவ்வழியில் முடிக்கிற குடும்பத்துக்கு எவ்வளவு மிச்சமாகும் என்பது விளங்கும். மாடர்ன் ஸ்டேட்ஸ் என்ற தொண்டு நிறுவனம் இத்தேர்வுகளுக்கு இணையவழிப் பாடங்களை இலவசமாகத் தருகிறது. அதை முடித்தவர்களுக்குத் தேர்வுக் கட்டணத்தையும் ஏற்றுக்கொள்கிறது.

இனி, சொல்லாக்கத்துக்கு முக்கியமான இடத்துக்கு வருகிறேன். தேர்வு முடிந்ததும், கட்டுரை எழுதவேண்டிய தாள்கள் நீங்கலாக, கணினித் திரையிலேயே மதிப்பெண் தெரிந்துவிடும். அது 20 முதல் 80 வரையிலான அளவில் இருக்கும். ஒருவருக்கு 57 வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த நிமிடத்தில் அவரிடம் இருப்பது மதிப்பெண் மட்டுமே. ஒரு கிரெடிட்கூட இல்லை. 50 எடுத்தால் கிரெடிட் தரலாம் என்று அமெரிக்கன் கவுன்சில் ஆன் எஜுகேஷன் என்ற உயர்கல்விக் கூட்டமைப்பு பரிந்துரைக்கிறது. ஆனால் தருவதா வேண்டாமா, எத்தனை தருவது, 50 போதுமா, அதற்கு மேல் வேண்டுமா என்பதை அவரவர் கல்லூரியே முடிவு செய்கிறது. கல்லூரி ஏற்றுக்கொண்டபின் அவருடைய டிரான்ஸ்கிரிப்டில், அதாவது கல்லூரி தரும் பாடப் பதிவேட்டில், அந்தப் பாடத்தின் பெயரும் மூன்று என்ற எண்ணும் ஏறும். பெரும்பாலும் ஏ, பி என்ற தரம் எதுவும் அதற்கு எதிரே இராது, சராசரியிலும் அது சேராது. தேர்வை நடத்துவது ஒருவர், கணக்கில் ஏற்றுவது வேறொருவர் என்ற இந்த இரண்டடுக்கு நாம் ஆக்கும் சொல்லில் கலைந்துவிடக் கூடாது.

அதனால்தான் நான் ‘வரவு’ என்பதை முன்வைக்கிறேன். பற்று, வரவு என்ற இணை நம் கணக்கெழுத்தில் வேரூன்றியது. ‘கணக்கில் வரவு வைக்கப்பட்டது’ என்று கூட்டுறவுச் சங்கம் முதல் கைப்பேசிக் குறுஞ்செய்தி வரை அன்றாடம் எழுதுகிறோம். வரவு வைப்பவர் கணக்கை எழுதிப் பராமரிப்பவரே அன்றி, பணத்தைக் கொண்டுவந்து கட்டுபவர் அல்லர். கல்லூரியின் பங்கு அதுவே. ஆகவே கிரெடிட் என்பது ‘கல்வி வரவு’, தேர்வெழுதிப் பெறுவது ‘தேர்வுவழி வரவு’, கல்லூரி அதை அளிப்பது ‘வரவு வைத்தல்’, ஒரு கல்லூரியில் பெற்றதை மற்றொன்றுக்குக் கொண்டுபோவது ‘வரவு மாற்றம்’. எண்ணிக்கையாகச் சொல்லும்போது ‘மூன்று வரவு’ என்பது சற்று மொட்டையாக ஒலிக்கிறது. அங்கே ‘வரவலகு’ எனலாம். இந்தியாவில் பல்கலைக்கழக மானியக் குழு 2021இல் ஏற்படுத்திய கிரெடிட் சேமிப்பு ஏற்பாட்டையும் ‘கல்வி வரவு வங்கி’ என்று எழுதினால் கடன் வங்கி என்ற மயக்கம் ஒழியும்.

> ‘தரப்புள்ளி’ வழக்கில் இருக்கிறதே, அதையே ஏன் எடுத்துக்கொள்ளக் கூடாது?

தரப்புள்ளி என்பதைச் சராசரி கணக்கிடும் புள்ளிக்கு ஒதுக்கிவிட்டோம். மேலே சொன்னபடி தேர்வுவழி வரவுக்கும் அந்தச் சராசரிக்கும் தொடர்பே இல்லை. இலங்கை நண்பர் சுட்டிய ‘திறமைச் சித்தி’ அழகான சொல்லே; ஆனால் அது இலங்கைப் பள்ளி மாணவர் எழுதும் சாதாரண தரப் பரீட்சையில் ஒரு பாடத்தில் அடைந்த நிலையைக் குறிக்கிறது, பட்டத்துக்காகச் சேரும் அளவை அன்று. வரவு என்பது வருகைப் பதிவோடு குழம்பும் என்ற அச்சத்தை நான் மதிக்கிறேன். எனினும் அதற்கு வருகை என்ற சொல்லே நிலைத்துவிட்டதால், பெரிய இடையூறு வராது என்று எண்ணுகிறேன்.

கல்லூரியில் சேராமல் தேர்வு மட்டும் எழுதிப் பெறும் ‘தனித்தேர்வர் பட்டம்’, ‘வெளிவாரிப் பட்டம்’ ஆகியவற்றையும் இதோடு சேர்க்கக் கூடாது. லண்டன் பல்கலைக்கழகம் 1858 முதல் தன் தேர்வுகளை வெளியாருக்குத் திறந்துவிட்டது. 1921இல் தொடங்கிய கொழும்பு யூனிவர்சிட்டி கல்லூரி, லண்டன் வெளிவாரிப் பட்டத்துக்குத்தான் மாணவர்களை ஆயத்தம் செய்தது. அங்கே பட்டம் முழுவதும் ஒரே பல்கலைக்கழகத்தின் தேர்வுகளால் கிடைத்தது. இங்கே தேர்வு பட்டத்தின் ஒரு பகுதியை மட்டுமே நிரப்புகிறது. கிளெப் பெரும்பாலும் முதலிரண்டு ஆண்டுப் பாடங்களுக்கே உரியது. மேல்நிலைப் பாடங்களுக்கு வேறு வழி பார்க்கவேண்டும். பல கல்லூரிகள் குறிப்பிட்ட அளவு வரவலகுகளைத் தம்மிடமே ஈட்டவேண்டும் என்றும் விதிக்கின்றன. நியூ ஜெர்சியின் தாமஸ் எடிசன், கனெக்டிகட்டின் சார்ட்டர் ஓக் போன்ற கல்லூரிகள் 1970களின் தொடக்கத்தில், பல இடங்களில் சேர்த்த வரவுகளை ஒரே பட்டமாக்கித் தருவதற்கென்றே தோன்றியவை. வேலை பார்த்துக்கொண்டே பட்டத்தை முடிக்க நினைப்பவர்கள் அவற்றை நாடுவதன் காரணம் இதுதான். எங்கே சேரப்போகிறோம், அந்தக் கல்லூரி எந்தத் தேர்வுக்கு எத்தனை வரவு வைக்கும் என்று எழுத்துமூலம் கேட்டறிந்த பிறகே கட்டணம் கட்டவேண்டும் என்ற குறிப்பு, நம் கலைச்சொல் விளக்கத்திலேயே இடம்பெறவேண்டும் என விரும்புகிறேன். கிளெப்பில் ஒருமுறை தவறினால் அதே தாளை மீண்டும் எழுத மூன்று மாதம் காத்திருக்கவேண்டும்.

மறுப்பு இல்லையெனில் பதிவு இவ்வாறு அமையலாம்:

தேர்வுவழி வரவு – ஒரு பாடத்தை வகுப்பில் பயிலாமல், அதற்கெனப் பல கல்லூரிகளுக்கும் பொதுவாக நடக்கும் தேர்வில் போதிய மதிப்பெண் பெற்றவருக்கு, அவர் சேர்ந்துள்ள கல்லூரி தன் விதிப்படி பட்டக் கணக்கில் வைக்கும் கல்வி வரவு.

பணி அனுபவத்தை ஆவணத் தொகுப்பாகக் காட்டிப் பெறும் வரவுக்கும், கல்லூரி தானே நடத்தும் தேர்வால் ஒரு பாடத்திலிருந்து விலக்கு மட்டும் பெற்று வரவலகு பெறாத நிலைக்கும் இன்னும் சொல் இல்லை. முதலாவதற்கு ‘அனுபவவழி வரவு’, பின்னதற்கு ‘பாட விலக்கு’ என்பன என் மனத்தில் உள்ளன. உங்கள் கருத்தை எழுதுங்கள்.

அன்புடன்,
குழும உறுப்பினர்