தர்மபுரி – கிருஷ்ணகிரி கற்பனை ஹாக்கி அணிகள்: லோகோ, ஜெர்சி எப்படி அமைக்கலாம்?

பரிசல்துறை:

வணக்கம். நம்ம இரண்டு மாவட்டத்துக்கும் சேர்த்து ஆறு அணிகள் கொண்ட ஒரு கற்பனை ஹாக்கி லீக் வரைந்துகொண்டிருக்கிறேன். ஒகேனக்கல் பரிசல், தகடூர் நடுகல், பர்கூர் காளை, கிருஷ்ணகிரி கிளிமூக்கு (மாங்காய் வகை), ஓசூர் ரோஜா, அஞ்செட்டி யானை. அணிக்கு ஒரு லோகோ, இரண்டு செட் ஜெர்சி. ஒகேனக்கல், கிருஷ்ணகிரி அணிகளுக்கு மட்டும் தலா 18 ஜெர்சி நிஜமாகவே அச்சடித்து, உள்ளூரில் ஒரு ஆட்டம் வைக்கத் திட்டம்.

ஆறு லோகோவும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கின்றன. ஒரு கேடயம், உள்ளே ஒரு தலை, பின்னால் குறுக்கே இரண்டு மட்டை. நிறம் இப்போதைக்கு பரிசலுக்கு நீலம், நடுகல்லுக்குச் செம்மண், கிளிமூக்குக்கு மஞ்சள். இது சரிவருமா? லோகோ எம்பிராய்டரியா, பிரின்டா? துணி எது? பெயரைத் தமிழில் வளைத்து எழுதினால் எழுத்து உடைந்து நிற்கிறது, அதற்கும் வழி சொல்லுங்கள்.

---

கோட்டோவியன்:

முதலில் அந்தக் கேடயத்தை எடுத்துவிடுங்கள். அது நம்ம ஊர் வடிவமே இல்லை. அதைவிட நல்ல சட்டகம் தர்மபுரியில் வயலுக்கு வயல் நிற்கிறது. நடுகல்லைப் பாருங்கள், பக்கம் இரண்டும் நேர், மேலே வளைவு. தகடூர் அணிக்கு அந்தப் பலகைக் கல்லே சட்டகம், உள்ளே வில் பிடித்த வீரன். வில்லுக்குப் பதில் மட்டையைக் கொடுக்கத் தோன்றும், கொடுக்காதீர்கள். வில் வில்லாகவே இருக்கட்டும், ஹாக்கி அணி என்பதை ஜெர்சியே சொல்லும். ஒன்றை மட்டும் கவனியுங்கள். இங்கே பல நடுகற்களை வேடியப்பன் என்று இன்றும் கும்பிடுகிறார்கள். அதனால் பூசையில் இருக்கும் ஒரு கல்லை அப்படியே டிரேஸ் செய்ய வேண்டாம். லோகோவை டிரவுசரிலும் காலுறையிலும் போடவும் வேண்டாம், நெஞ்சில் மட்டும் போதும்.

பரிசல் உங்களுக்குக் கிடைத்த அதிர்ஷ்டம். அதைப் பக்கவாட்டில் வரைந்தால் கிண்ணம் மாதிரி ஆகிவிடும். நேர்மேலிருந்து உள்ளே பாருங்கள், வட்டம், தடித்த விளிம்பு, ஒன்றின் மேலும் அடுத்ததின் கீழுமாக ஓடும் மூங்கில் பட்டைகள். நிஜத்தில் நிறையப் பட்டைகள் இருக்கும். லோகோவுக்கு அந்தப் பக்கம் மூன்று, இந்தப் பக்கம் மூன்று போதும். 8 செ.மீ. வட்டத்தில் விளிம்பு 7 மி.மீ., பட்டை 8 மி.மீ., மீதியெல்லாம் இடைவெளி. கீழே போகும் பட்டையை வெட்டும் இடத்தில் 3 மி.மீ. விடுங்கள். லோகோவை 2.5 செ.மீ.க்குச் சுருக்கினால் அந்த 3 மி.மீ., 1 மி.மீ.க்குச் சற்றுக் கீழே வரும். அதற்கும் குறைந்தால் பட்டைகள் ஒட்டிக்கொண்டு பின்னல் என்பதே தெரியாமல் போகும். துடுப்பு இருக்க வேண்டிய இடத்தில் சாய்வாக ஒரே ஒரு மட்டை.

கிளிமூக்கு ஆறிலும் அழகான வாய்ப்பு. மாங்காயின் நுனி வளைவும் மட்டையின் வளைவும் ஒரே கோடு. மாங்காயை நிறம் நிரப்பிய ஒற்றை வடிவமாக வரைந்து, அதற்குள் மட்டையை வெள்ளையாக வெட்டி எடுங்கள். கைப்பிடி காம்பில் தொடங்கி, வளைவு மூக்கில் முடியட்டும். இலை, கிளி எதுவும் சேர்க்காதீர்கள்.

பர்கூர் காளையில் ஒரு பிழை இருக்கிறது. செவலையில் வெள்ளைத் திட்டு விழுந்த பர்கூர் மாடு ஈரோடு மாவட்டம் அந்தியூர்ப் பக்கத்துப் பர்கூர் மலையைச் சேர்ந்தது, கிருஷ்ணகிரி பர்கூருக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. நம்ம பகுதி மாடு ஆலம்பாடி. சாம்பல் நிறம், பின்னோக்கிச் சாயும் கொம்பு. காரிமங்கலத்தில் அதற்கென்றே ஆராய்ச்சி மையம் இருக்கிறது. அணியின் பெயரையே மாற்றிவிடுங்கள்.

யானைக்கு இணையத்தில் கிடைக்கும் படங்களில் பாதி ஆப்பிரிக்க யானை. காது தோளை மறைக்கிறதா என்று பாருங்கள், மறைத்தால் அது அஞ்செட்டிக் காட்டு யானை இல்லை. நம்ம யானைக்குக் காது சிறிது, நெற்றியில் இரண்டு மேடு, முதுகு மேல்நோக்கி வளைந்திருக்கும். ரோஜாவுக்கு ஐந்து இதழ், ஒரு சுழி, அவ்வளவுதான்.

எல்லாவற்றையும் முதலில் ஒரே கறுப்பில் வரைந்து, கட்டைவிரல் நக அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள். அங்கே தெரியாத லோகோவை நிறம் காப்பாற்றாது.

---

டி_வட்டம்:

மட்டையைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. ‘ஹாக்கி ஸ்டிக்’ என்று தேடினால் முதலில் வருவது ஐஸ் ஹாக்கி மட்டை. நீளத் தட்டையாக அடி இருக்கும். நம்ம மட்டையின் வளைவு சின்னது, 10 செ.மீ.க்கு மேல் போகக் கூடாது. மட்டை சுமார் 93 செ.மீ., பந்து விட்டம் 7 செ.மீ.க்குச் சற்று மேல். ஆகவே லோகோவில் மட்டை 13 பங்கு நீளமென்றால் பந்து 1 பங்கு. பந்தைத் தேங்காய் அளவுக்கு வரைந்தால் ஆடுகிறவன் பார்த்ததுமே கண்டுபிடித்துவிடுவான்.

அடுத்தது இன்னும் முக்கியம். ஹாக்கியில் இடக்கை மட்டை கிடையாது. தட்டைப் பக்கம் எப்போதும் இடப்புறம், இடக்கை மேலே, வலக்கை கீழே. படம் அழகாக அமைய வேண்டும் என்று ஆட்டக்காரன் உருவத்தைக் கண்ணாடி மாதிரித் திருப்பினால் கை மாறிவிடும், அப்படி யாரும் ஆட முடியாது. குறுக்கே இரண்டு மட்டை வரைவதிலும் இதே கோளாறுதான். ஒன்றை ஃபிளிப் செய்து மற்றதை உண்டாக்கினால், ஒன்றில் தட்டைப் பக்கம் தெரியும்போது மற்றதில் உருண்டைப் பக்கம் தெரிய வேண்டும். இரண்டிலும் தட்டையாகவே காட்டியிருப்பார்கள்.

நிறத்துக்கு வருவோம். 2012 லண்டன் ஒலிம்பிக்கிலிருந்து பெரிய ஆட்டங்களில் டர்ஃப் (செயற்கைப் புல்தரை) நீலம், பந்து மஞ்சள். நம்ம ஊர் மைதானங்களில் பாதி செம்மண், பந்து வெள்ளை. இரண்டு தரையிலும் ஆள் தெரிய வேண்டும். குனிந்து பந்தோடு ஓடுகிறவனுக்கு, கூட்டாளியின் முகம் தெரியாது, ஓரக்கண்ணில் ஒரு நிறம் மட்டும் தெரியும். செம்மண் ஜெர்சி செம்மண் தரையில் கரைந்துவிடும். நடு நீலம் டர்ஃபில் கரைந்துவிடும். பரிசலுக்கு நீலம்தான் வேண்டுமென்றால் தரையைவிட நன்றாகக் கறுத்த கருநீலம் வையுங்கள், இன்னொரு செட் நுரை வெள்ளை. கிளிமூக்குக்கு மாவிலைப் பச்சை ஒன்று, வெளிர்மஞ்சள் ஒன்று. நடுகல்லுக்குக் கருங்கல் நிறமும் வெள்ளையும். மதிய வெயிலில் எல்லாரும் வெளிர் செட்டைத்தான் கேட்பார்கள், அதை ஒப்புக்குச் செய்யாதீர்கள்.

ஆறு அணியின் பன்னிரண்டு சட்டையையும் ஒரே பக்கத்தில் வைத்து கறுப்பு-வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். மோதும் இரண்டு செட் ஒரே சாம்பலாக வந்தால் ஒன்றை மாற்ற வேண்டும். சிவப்பும் பச்சையும் பிரித்துப் பார்க்க முடியாதவர்கள் ஆடுகிறவர்களிலும் இருப்பார்கள், நடுவர்களிலும் இருப்பார்கள்.

கோல்கீப்பர் சட்டை இரண்டு அணியின் நிறத்திலிருந்தும் வேறாக இருக்க வேண்டும், இது விதி. ஆறு அணியும் தொடாத இரண்டு நிறத்தைக் கீப்பர்களுக்கென்றே ஒதுக்குங்கள், ஆரஞ்சு, அடர் ரோஸ் சரியாக வரும். நெஞ்சுக் கவசத்துக்கு மேல் போடுவதால் இரண்டு சைஸ் பெரிதாக வேண்டும். காலுறையை மறந்துவிடாதீர்கள். பந்து பட்டது யாருடைய காலில் என்பதை நடுவர் காலுறையை வைத்துத்தான் சொல்ல வேண்டியிருக்கும், இரண்டு அணிக்கும் அது தெளிவாக வேறாக இருக்கட்டும். பந்தின் நிறமும் வேண்டாம்.

முதுகு எண் 20 செ.மீ., முன்பக்கம் 8 செ.மீ. எண்ணுக்குப் பின்னால் பின்னல், இலை எதுவும் ஓடக் கூடாது. 3-ஐயும் 8-ஐயும், 6-ஐயும் 9-ஐயும் மைதானத்தின் மறுகோடியிலிருந்து பிரித்தறிய முடிகிற எழுத்துருவாகப் பாருங்கள். கேப்டனுக்குக் கைப்பட்டை தனியாகச் செய்துகொள்ளுங்கள்.

---

ஊசிநூல்:

பிரின்ட் பக்கம் நான் சொல்றேன்.

துணி வெள்ளை பாலியஸ்டர், 100 சதம், 140 முதல் 160 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் எடை). காட்டன் கலந்தது வேண்டாம். சப்ளிமேஷன் மை (பேப்பரில் அச்சடித்து, சூட்டு பிரஸ்ஸில் அழுத்தித் துணிக்கு ஏற்றுவது) பாலியஸ்டரில்தான் ஏறும், கலப்புத் துணியில் நாலு துவையலில் வெளுத்துவிடும். ஃபைல் நிஜ அளவில் 150 டிபிஐ, தையல் ஓரத்துக்கு வெளியே 1.5 செ.மீ. கூடுதல் நிறம். பிரஸ் சுமார் 200 டிகிரி, 45 முதல் 60 விநாடி. பிரஸ்ஸைத் திறக்கும்போது பேப்பர் நகர்ந்தால் எண்ணுக்குப் பக்கத்தில் நிழல் மாதிரி இரண்டாவது கோடு விழும். துணி மடிந்திருந்தால் அந்த மடிப்பு வெள்ளைக் கீறலாக நிற்கும். சூட்டில் துணி கொஞ்சம் சுருங்கும், அதனால் அடித்த பிறகுதான் கட்டிங்.

கருநீலம் என்று சொன்னீர்களே, அதில்தான் பெரும்பாலும் ஏமாற்றம். ஸ்கிரீனில் கருநீலம், துணியில் கத்திரிப்பூ. மெஜந்தா (ரோஸ் மை) அளவு சயான் (நீல மை) அளவுக்கு ரொம்பப் பக்கத்தில் இருப்பதுதான் காரணம். சயான் 100 என்றால் மெஜந்தா 65-க்கு மேல் போக வேண்டாம், இருட்டு வேண்டுமென்றால் கறுப்பைக் கூட்டுங்கள். மாவிலைப் பச்சையும் மொபைலில் ஜொலிக்கிற மாதிரி துணியில் வராது. அச்சடிக்கிற இடத்தில், அதே துணியில், அதே மெஷினில் ஒரு கலர் சார்ட் அடித்து வாங்கி, வெளியே வெயிலில் பிடித்துப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்.

பரிசல் பின்னலை ஜெர்சி முழுக்க ஓட விட ஆசை வரும். பக்கத் தையலில் இடதும் வலதும் 5 மி.மீ. தள்ளித்தான் சேரும், கோடு கோடாக இருந்தால் அந்தத் தள்ளல் பளிச்சென்று தெரியும். தையலுக்கு 2 செ.மீ. முன்னாலேயே பின்னலை நிறுத்துங்கள். இல்லையென்றால் பக்கவாட்டுக்கு ஒற்றை நிறத்தில் தனித் துண்டு வையுங்கள்.

எஸ் சைஸ் ஃபைலை அப்படியே இழுத்து எக்ஸ்எல் ஆக்கினால் லோகோவும் எண்ணும் சேர்ந்து பெருத்துவிடும். சட்டை மட்டும் வளரட்டும், லோகோ எல்லா சைஸிலும் 8 செ.மீ.தான்.

எம்பிராய்டரி இந்த மெல்லிய துணியில் நேராக வேண்டாம். 8 செ.மீ. முழுக்க நிரப்பித் தைத்தால் ஆயிரக்கணக்கான தையல் விழும், துணி சுருங்கி நெஞ்சில் குழி விழும். ஆசையாக இருந்தால் கெட்டித் துணியில் தனியாக பேட்ச் போட்டு, ஓரம் கட்டி, பிறகு சட்டையில் தைக்கலாம். ஓடி ஆடுகிற சட்டைக்கு பிரின்டே போதும்.

---

பரிசல்துறை:

எல்லாருக்கும் நன்றி. பர்கூர் காளை ஆலம்பாடி ஆகிவிட்டது. கேடயம் ஆறிலிருந்தும் போயாச்சு. மட்டையைப் போய்ப் பார்த்தேன், நான் வைத்திருந்தது ஐஸ் ஹாக்கி மட்டையேதான். இன்னும் இரண்டு கேள்வி. ‘கிருஷ்ணகிரி கிளிமூக்கு’ என்று மாங்காயைச் சுற்றி எழுதினால் இரைச்சலாக இருக்கிறது. கடைக்கு அனுப்பியபோது எழுத்தெல்லாம் வேறு எதுவோ ஆகி வந்தது. 18 சட்டைக்கு சைஸ் எப்படிப் பிரிப்பது?

---

எழுத்தாணி:

தமிழை வளைக்காமல் இருப்பதே நல்லது. ‘கிருஷ்ணகிரி’யில் கி, ரி இரண்டுக்கும் மேலே கொக்கி, ரு-வுக்குக் கீழே வால். வெளிவட்டத்தில் எழுதும்போது தலைப்பக்கம் விரிந்து, கீழ்ப்பக்கம் நெருங்கும். ரு-வின் வால் போய்ப் பக்கத்து எழுத்தின் காலை இடிக்கும். லோகோவுக்குக் கீழே நேர் வரியாக ‘கிளிமூக்கு’ என்பதை மட்டும் பெரிதாக எழுதி, ஊர்ப் பெயரை முதுகில் எண்ணுக்கு மேலே கொண்டுபோங்கள். எழுத்துக்கு இடையே செயற்கையாக இடைவெளி கூட்டாதீர்கள். கொம்பு தன் எழுத்தை விட்டு விலகினால், முன்னால் இருக்கிற எழுத்தோடு சேர்ந்து படிக்கப்படும்.

உடைவதற்குக் காரணம் எழுத்துரு. நீங்கள் அடித்தது யூனிகோட், கடைக் கணினியில் பாமினி மாதிரி யூனிகோட் அல்லாத பழைய எழுத்துரு மட்டும் இருந்தால் எழுத்து சரியாக வராது. இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் தமிழ் சரியாகவே அமையும். அங்கே எழுதி, பாதையாக (பாத், அதாவது எழுத்தை வெறும் வடிவமாக) மாற்றி, அந்த ஃபைலைக் கொடுங்கள். கோரல்டிரா என்றால் கண்ட்ரோல் க்யூ, கர்வ் ஆகிவிடும். மாற்றிய பிறகு ஒவ்வொரு புள்ளியும் இருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள், பிறகு எழுத்தைத் திருத்த முடியாது. பலூ தம்பி, முக்த மலர், கேட்டமரான் மூன்றும் இலவசமாகக் கிடைக்கும் திறந்த உரிம எழுத்துருக்கள். ஜெர்சிக்கு பலூ தம்பியின் தடித்த வகை நன்றாக நிற்கும். பேட்ச் போடுவதாக இருந்தால் எழுத்து உயரம் 7 மி.மீ.க்குக் குறையக் கூடாது. மூ-வின் சுழியும் ணகரத்தின் சுழிகளும் நூலில் அடைத்துக்கொண்டு கறுப்புப் பொட்டாகிவிடும்.

---

ஊசிநூல்:

சைஸுக்கு வயசு, உயரம் கேட்டு எழுதாதீர்கள். ஒவ்வொருவரிடமும் நன்றாகப் பொருந்துகிற ஒரு டி-ஷர்ட்டை வாங்கி, தரையில் விரித்து, அக்குளிலிருந்து அக்குள் வரை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். 18-இல் 16 சட்டை அந்த அளவுக்கு, 2 கீப்பர் சட்டை கவசத்தைப் போட்டுக்கொண்டே அளந்து. அணிக்கு 1 எல் சைஸ் கூடுதலாக, யாருக்கும் இல்லாத எண்ணோடு அடித்து வைத்துக்கொள்ளுங்கள். ரத்தக் கறையோ கிழிசலோ ஆனால் உடனே மாற்ற வேண்டும், எண்ணை நடுவரிடம் சொன்னால் போதும். எல்லாவற்றையும் அடிப்பதற்கு முன் எம் சைஸில் ஒரே ஒரு சட்டை தைத்து வாங்கி, இரண்டு தடவை துவைத்துக் காய வைத்து, எண்ணின் ஓரத்தில் நிறம் பரவியிருக்கிறதா என்று பார்த்த பிறகு மீதிக்கு ஆர்டர் சொல்லுங்கள்.